ஷூட்டிங் இல்லைங்க, சும்மா ஊர் சுற்ற

2025 ஜனவரி 5, ஞாயிறு

புதுச்சேரி ரெயின்போ நகரிலிருந்து, நண்பர் ஒருவரின் கேரவனைக் கடலூரில் நம் வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. கேரவன் என்றதும் நடிகர்கள் மேக்கப் போடும் பெரிய பஸ்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். இது ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம், ஃபைபர் உடம்பு. உள்ளே இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம், ஓரமாக ஓர் அடுப்பு மேடை. நண்பர் ஆசையாக வாங்கியது. அப்புறம் சின்ன கார் வாங்கிவிட்டார், இழுக்க வண்டி இல்லை, வாசலிலேயே நின்றுவிட்டது.

இழுத்து வராமல் லாரியில் ஏற்றி வந்ததற்குக் காரணம் உண்டு. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது அந்தத் தெருவே குளமாகி, கேரவனின் சக்கரம் அச்சு வரைக்கும் நீரில் நின்றிருக்கிறது. சக்கரத்தின் நடுவில் பேரிங் உட்காரும் ஹப்பைத் திறந்து பார்க்காமல் உருட்ட மனம் வரவில்லை. முள்ளோடையில் டீ குடிக்க நிறுத்தினால் ஒரு பையன் ஓடி வந்து, “என்ன படம்ணே?” என்கிறான்.

இழுக்கப்போவது நர்சரிக்கு வைத்திருக்கும் பொலேரோ கேம்பர் பிக்கப். 2009 மாடல், 2523 சிசி, நான்கு சிலிண்டர் டர்போ டீசல், அறுபத்துச் சொச்சம் குதிரைத்திறன். பார்த்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றே: “இது அதை இழுக்குமா?” முதுகில் செம்மண்ணும் எருவும் ஏற்றி வருடக்கணக்காக ஓடுகிற வண்டி, சக்கரத்தின் மேல் நிற்கும் முக்கால் டன்னை இழுக்காமல் என்ன செய்யும்? அது பற்றி எனக்குக் கவலையே இல்லை. நிறுத்துமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஜனவரி 11, சனி

முதுநகர் பட்டறையில் பாய் ஹப்பைத் திறந்தார். உள்ளே கிரீஸ் மோர்க்குழம்பு நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்தால் அப்படித்தான் ஆகும். துடைத்துவிட்டு பேரிங் உருளைகளை வெளிச்சத்தில் காட்டினார்: ஊசி முனையால் குத்தியது போலத் துருப் புள்ளிகள். “இதோட நீங்க சிதம்பரம் தாண்ட மாட்டீங்க சார்” என்றார். இரண்டு பக்கமும் உள் பேரிங், வெளி பேரிங், சீல் எல்லாம் புதுசு.

அவர் பேரிங்கை இறுக்கும் விதத்தைக் கிட்டே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறு கையால் நட்டை முறுக்குகிறார். சுற்றுவது கனமாகத் தெரிந்ததும் நட்டைத் தளர்த்திவிட்டு, விரலால் தொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும் திரும்ப வைத்து, நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னைப் போட்டு வளைக்கிறார். இறுக்கினால் சூடேறி எரியும், லூசாக விட்டால் சக்கரம் ஆடும்.

அடுத்தது பிரேக். இதில் இருப்பது ஓவர்ரன் பிரேக். முன்வண்டி வேகம் குறைத்ததும் பின்வண்டி முன்னே தள்ளும். அந்தத் தள்ளலிலேயே இணைப்புத் தண்டு உள்ளே நுழைந்து, கம்பியை இழுத்து, டிரம்மில் பிரேக் பிடிக்கும். மின்சாரமும் வேண்டாம், ஹோஸும் வேண்டாம். ஆனால் ரப்பர் உறை கிழிந்து, தண்டு துருவில் இறுகிக் கிடந்தது. “இது கழட்டிட்டு சும்மா ஓட்டலாமே, சின்ன வண்டிதானே” என்றான் பட்டறைப் பையன். ஐரோப்பாவில் 750 கிலோ வரை பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அனுமதி உண்டு. நம்முடையது சாமான் ஏற்றினால் அந்தக் கோட்டை ஒட்டித்தான் நிற்கும். தவிர, நம்ம ஊர் சாலையில் மாடு நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் குறுக்கே வருவதில்லை. பிரேக் இருக்கட்டும் என்றேன்.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். சில்வர் பீச் பக்கம் தலைவைக்க முடியாது. வீட்டிலேயே உட்கார்ந்து காகிதங்களைப் பிரித்தேன். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம்தான், அதற்கென்று தனிப் பதிவு உண்டு. நண்பரிடம் புதுச்சேரிப் பதிவான பிஒய் 01 ஆர்சி இருக்கிறது. அதைக் கடலூரின் டிஎன் 31 ஆக்க அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். காரில் அரை மணி நேரத் தூரம், ஆனால் அது யூனியன் பிரதேசம்.

ஜனவரி 19, ஞாயிறு

எடை மேடைக்குக் கொண்டுபோனோம். காலியாக 610 கிலோ. தண்ணீர் டேங்க், சிலிண்டர், பேட்டரி, பாத்திரம், மெத்தை எல்லாம் போட்டு 735.

முக்கியமான எடை அதுவல்ல. கேரவனின் மூக்கு, அதாவது பொலேரோவின் பின்னால் இருக்கும் இணைப்புக் குண்டின் மேல் உட்காரும் முனை, எத்தனை கிலோ அழுத்துகிறது என்பதுதான் கணக்கு. மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றும் வழக்கம். குறைந்தால் வால் ஆடும். கூடினால் இழுக்கும் வண்டியின் பின்பக்கம் அமுங்கும். வீட்டில் ஆள் நிறை பார்க்கும் எடைக் கருவியைத் தரையில் வைத்து, குண்டின் உயரத்துக்குச் சரியாக ஒரு கட்டையை வெட்டி நிறுத்தி, மூக்கை அதன் மேல் இறக்கினேன். 42 கிலோ. பின்கோடியில் இருக்கும் தண்ணீர் டேங்க் செய்த வேலை. டேங்க்கைக் காலி செய்து, அதற்குப் பதில் இரண்டு இருபது லிட்டர் கேன்களை அச்சுக்கு முன்னால் வைத்து, பேட்டரியையும் முன்னே நகர்த்தியதும் 78 ஆனது. போதும்.

அந்த 78 கிலோவும் பொலேரோவுக்குச் சுமைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டேப் பிடித்து அளந்தேன். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சுமார் 3 மீட்டர், பின் அச்சிலிருந்து குண்டு 1.2 மீட்டர். நெம்புகோல் கணக்கில் முன் சக்கரங்கள் 31 கிலோ இழக்கும், பின் அச்சு 109 கிலோ வாங்கும். ஸ்டீயரிங் லேசாகும், ஹெட்லைட் மரத்தைப் பார்க்கும். கேரவன் பூட்டிய நாளில் பொலேரோ தொட்டியில் மண் மூட்டை கூடாது என்று நர்சரிப் பையனிடம் சொல்லி வைத்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

ரிவர்ஸ். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஓட்டும் டிராக்டர்காரர் ஒருவரை வரச் சொல்லியிருந்தேன். இந்த வித்தைக்கு நம் ஜில்லாவில் அவர்களை விட்டால் ஆள் கிடையாது. “ஸ்டீயரிங்க மேல புடிக்காதீங்க சார், கீழ புடிங்க. டிரெய்லர் எந்தப் பக்கம் போவணுமோ, கைய அந்தப் பக்கம் தள்ளுங்க. அவ்ளோதான்.” உண்மையில் அவ்வளவுதான். ஆனால் நீளமான கரும்பு டிரெய்லர் நிதானமாகத் திரும்பும், இந்தக் குட்டி சட்டென்று மடிந்து கொள்கிறது. அதைப் பார்த்து அவருக்கே எரிச்சல். “இது ஆட்டுக்குட்டி மாரி துள்ளுது, பெருசா வாங்கியிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொரு விஷயம்: பின்னுக்குத் தள்ளும்போதும் தண்டு உள்ளே அமுங்குவதால் ஓவர்ரன் பிரேக் பிடித்துக்கொள்ளும். நம்முடையது பழைய வகை. இறங்கி ஒரு சின்ன லீவரைப் போட்டுத் தடுத்த பிறகுதான் ரிவர்ஸ். இறங்குகிற வேலை மனைவி தலையில்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கடலூர்க்காரனுக்கு மேடு வேண்டுமென்றால் கேப்பர் மலைதான். மலை என்று பெயர், செம்மண் மேடு. விடியற்காலையில் ஆளில்லாத நேரத்தில் ஏறினோம். பாதி ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, முதல் கியரில் மறுபடி எடுத்தேன். கிளட்ச் வாசனை லேசாக வந்தது. ஹேண்ட் பிரேக் போட்டுக்கொண்டு எடுத்தால் அந்த வாசனை வரவில்லை. வெப்பமானி முள் நடுவைத் தாண்டவில்லை. போன வாரம் ரேடியேட்டர் இடுக்கில் அடைந்திருந்த பூச்சியும் தூசியும் தண்ணீர் அடித்துக் கழுவியது வீண் போகவில்லை.

இறக்கம்தான் யோசிக்க வைத்தது. டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் த்ராட்டில் இல்லாததால், பெட்ரோல் வண்டி போலக் காலை எடுத்ததும் எஞ்சின் பிடித்து நிறுத்தாது. மூன்றாவது கியரில் வேகம் ஏறிக்கொண்டே போனது. இரண்டாவதில்தான் அடங்கியது. நியூட்ரலில் போட்டு எஞ்சினை அணைத்து டீசல் மிச்சம் பிடிக்கும் சில டிரைவர்களை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. பிரேக் மிதிக்க உதவும் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவமே எஞ்சின் ஓடினால்தான் கிடைக்கும்.

பிப்ரவரி 8, சனி

பிச்சாவரம். மச்சானும் வந்தார். ஆலப்பாக்கம் தாண்டியதும் 70ல் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பஸ் உரசுகிற மாதிரி முந்தியது. அது தள்ளிய காற்றில் கேரவன் ஒரு பக்கம் ஒதுங்கி, மறு பக்கம் வந்து, மறுபடி ஒதுங்கியது. கண்ணாடியில் அதன் பக்கச் சுவர் மாறி மாறித் தெரிந்தது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தேன். 55க்கு வந்ததும் அடங்கியது.

ஓரம் கட்டித் திறந்து பார்த்தால், இரண்டு தண்ணீர் கேனும் பின்கோடியில். “கால் வைக்க எடமில்ல மாமா, அதான் தள்ளி வச்சேன்” என்றார் மச்சான். கிளம்பும் முன் ஏதோ தேடப் போனவர் செய்த உபகாரம். 40 கிலோ, இரண்டேகால் மீட்டர் பின்னால் போயிருக்கிறது. அச்சிலிருந்து மூக்கு 3 மீட்டர். ஆக மூக்கு எடையில் 30 கிலோ காணாமல் போய்விட்டது. கேன்களை முன்னே கொண்டுவந்து கயிறு போட்டுக் கட்டினேன். சக்கர நட்டுகளையும் அங்கேயே ஒரு முறை இறுக்கிப் பார்த்தேன். புதுசாகக் கழற்றி மாட்டிய சக்கரத்துக்கு முதல் ஐம்பது, நூறு கிலோமீட்டருக்குள் அது அவசியம்.

அதன்பின் நாலாவது கியர், 60. ஐந்தாவதில் போட்டால் எஞ்சின் முனகுகிறது. பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். வெறும் வண்டியாக லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுப்பது இன்று ஒன்பதுதான். எடையைவிடக் காற்றுதான் அதைத் தின்கிறது, கேபினுக்கு மேலே கேரவனின் நெற்றி முழுசாக நிற்கிறதே. சதுப்புநிலக் காடு அழகு. கொசு அதைவிட அதிகம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். வடலூர் ஜோதி தரிசனத்துக்குக் கேரவனோடு போகலாமா என்று மச்சான் போன் செய்தார். அந்தக் கூட்டத்தில் சைக்கிளே நகராது. பஸ்ஸில் போங்க என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வீட்டில் ஏற்காடு கேட்கிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவு. ஏறிவிடும், முதல் கியரிலும் இரண்டாவதிலும் மெதுவாக. சாயங்காலம் காகிதத்தில் இறக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சேர்த்து 2,600 கிலோ, சுமார் 1,200 மீட்டர் உயரம். கீழே வந்து சேர்வதற்குள் எட்டரை யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றலை எஞ்சினும் பிரேக்கும் காற்றும் விழுங்கியாக வேண்டும். அதில் நல்ல பங்கு பிரேக்கில் சூடாக இறங்கும். கேரவனின் பிரேக் ஷூ வேறு பழசு. கேரவனைச் சேலத்திலேயே விட்டுவிட்டு வெறும் பொலேரோவில் ஏறலாம் என்றேன்.

“ஏங்க, அப்ப மேல போய் எங்க தூங்குறது?”

நியாயமான கேள்வி. ஏற்காட்டுக்கு லாட்ஜ், கேரவனுக்கு வேளாங்கண்ணி என்று முடிவாகியிருக்கிறது. கடலோரமாகவே போகும் சாலை, பெரிய மேடு எதுவும் இல்லை. பிரேக் ஷூ வர ஒரு வாரம் ஆகும் என்கிறார் பாய்.