கட்டட நிதிக்கு வந்த 60 லட்சம் திரும்பிப் போனது

நான் படித்த சென்னைக் கல்லூரியில் அறிவியல் துறைகளுக்கென ஒரு புதிய கட்டடம் எழுப்ப நிதி திரட்டும் பொறுப்பு, முன்னாள் மாணவர் சங்கத்தின் பொருளாளர் என்ற முறையில் மூன்று ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது. சென்ற மாதம்தான் அடித்தளத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள். இதே வேலையில் இறங்கப்போகும் மற்றக் கல்லூரிச் சங்கத்தார், நாங்கள் இழந்த ஒன்றரை ஆண்டை இழக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வாக்குறுதிகள் ஒன்றுகூடல் நடந்த ஒரே மாலையில் குவிந்துவிட்டன. அவற்றில் மிகப் பெரியது, ஹூஸ்டனில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழர் சொன்ன 60 லட்சம் ரூபாய். சொன்னபடியே மறுமாதம் கல்லூரியின் வழக்கமான கணக்குக்கு அனுப்பியும் விட்டார். பத்தாம் நாள் வங்கிக் கிளையிலிருந்து என்னை அழைத்தார்கள். அதிகாரி கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டி, "உங்க நண்பர் இப்ப எந்த நாட்டு பாஸ்போர்ட் வச்சிருக்கார் சார்?" என்று கேட்டார். சைதாப்பேட்டையில் பிறந்து, எங்களோடு ஒரே ஆய்வக மேசையில் நின்றவரைப் பற்றி அப்படியொரு கேள்வி வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, துபாயில் வேலை பார்த்தாலும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பே. அதை வாங்கும் அமைப்புக்கு அந்தச் சட்டத்தின்கீழ் பதிவு, அதாவது எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு, வேண்டும். கல்லூரிக்கு அந்தப் பதிவு இருந்ததே என்று அலுவலகத்துக்கு ஓடினேன். "அது பழைய பர்சார் பார்த்த ஃபைல் சார், எனக்குத் தெரியாது" என்று, கல்லூரியின் நிதிப் பொறுப்பில் முன்பு இருந்தவரைக் கைகாட்டினார் எழுத்தர். பிற்பகல் முழுவதும் நின்று வாங்கிய கோப்பில் சான்றிதழ் இருந்தது. அதன் ஐந்தாண்டுக் காலம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஓரத்தில் யாரோ பென்சிலால் 'புதுப்பிக்க' என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார்கள். அந்தப் பென்சில் கோட்டை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. பணம் திரும்பிப் போயிற்று.

பதிவு வைத்திருக்கும் வேறொரு அறக்கட்டளை அதை வாங்கி நமக்குத் தரட்டுமே என்று குழுவில் ஒருவர் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினோம். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வாங்கிய நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றவே கூடாது என்று எங்கள் ஆடிட்டர் நல்ல வேளையாகத் தடுத்தார். அதே திருத்தம்தான், வெளிநாட்டு நிதி முதலில் புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வந்து சேர வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தியது. நேரில் போக வேண்டும் என்று நாங்களாக முடிவு செய்துகொண்டு, செயலாளரும் நானும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் பயணம் செய்து போனோம். ஊரில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளை வழியாகவே அந்தக் கணக்கைத் தொடங்கலாம் என்று அங்கே இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். புறப்படும் முன் உள்ளூர்க் கிளையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

புதுப்பதிவு கிடைக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியில் நிர்வாகக் கூட்டம் ஒவ்வொன்றிலும், 2024 ஆகஸ்டில் கிருஷ்ணா சிவுகுலா என்ற ஒரே முன்னாள் மாணவர் சென்னை ஐ.ஐ.டி.க்கு 228 கோடி கொடுத்ததை எடுத்துச் சொல்லி, உங்களால் ஏன் முடியவில்லை என்று கேட்டார்கள். முன்னாள் மாணவர் தொடர்புக்கும் நிதி திரட்டலுக்கும் அங்கே முழுநேர ஊழியர்கள் இருக்கிறார்கள். எங்களிடம் இருந்ததெல்லாம் வேலை முடிந்து மாலையில் வரும் நான்கு பேரும் ஒரு பதிவேடும்தான் என்று விளக்க வேண்டியிருந்தது.

உள்ளூர் நன்கொடையிலும் அடி வாங்கினோம். நன்கொடைக்கு வரிக்கழிவு பெற உதவும் 80ஜி ரசீதை நம்பிப் பேசப் போனால், புதிய வருமான வரி முறையில் இருக்கும் இளைஞர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் யாருக்கும் கிடையாது. நன்கொடையாளர் விவரங்களை மே 31க்குள் 10பிடி படிவத்தில் தாக்கல் செய்து, அவர்களுக்கு 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் எடுத்துத் தர வேண்டியிருந்தது. கைப்பேசி வழியாகப் பணம் போட்ட நூற்றுக்கும் மேற்பட்டோரின் பான் எண்ணும் முகவரியும் எங்களிடம் இல்லாததால், அந்த மே மாதம் முழுவதும் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் தேடினேன். ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவர் 5,000 ரூபாயை உறையில் போட்டுக்கொண்டு வந்தார். வரிச்சலுகை கிடைக்காது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "சலுகையெல்லாம் எனக்கெதுக்கு தம்பி, ரசீதுல பேரை மட்டும் சரியா எழுதுங்க" என்றார். இப்போது வாக்குறுதிப் படிவத்திலேயே குடியுரிமை, பான், முகவரி மூன்றுக்கும் கட்டம் போட்டுவிட்டோம்.

பதிவு வந்த பிறகு ஹூஸ்டன் நண்பரை அழைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. முதல் முறை திரும்பியதில் வங்கிக் கட்டணமும் மாற்று விகித வித்தியாசமுமாக அவருக்கு நல்ல நஷ்டம். அவரோ கணக்கு எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, முழுத் தொகையையும் மீண்டும் அனுப்பினார். வரவு வந்த குறுஞ்செய்தியை அன்றிரவே ஆடிட்டருக்கும் அனுப்பி, சரிதானா என்று உறுதி செய்த பிறகுதான் தூங்கினேன்.

இன்னும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒப்பந்ததாரர் கொடுத்த 9 கோடி மதிப்பீட்டில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேரவில்லை என்பதை நாங்கள் கையெழுத்துப் போடும் நாளில்தான் கவனித்தோம். அந்த 1 கோடியே 62 லட்சத்துக்கு எந்த அறையிலும் பெயர்ப்பலகை வைக்க முடியாது என்பதால் அதற்கென்று கொடுப்பவர்கள் குறைவு. முதல் தளம் வரைக்குமான தொகை கையில் இருக்கிறது. வரிக்கான தொகைக்காக வரும் ஞாயிறு முதல் மறுபடியும் வீடு வீடாகப் போகிறோம்.