அறைக்கு அறை ஸ்பானிஷ்

ஸ்பானிஷ் பாடப்புத்தகத்தில் வீடு பற்றிய பாடத்தைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படம்தான் இருக்கும். குறுக்கே வெட்டிக் காட்டிய மாடி வீடு, கீழே சமையலறை, மேலே படுக்கையறை, பக்கத்தில் தோட்டம், தோட்டத்தில் ஒரு நாய். கொசீனா (சமையலறை), தோர்மிதோரியோ (படுக்கையறை), பான்யோ (குளியலறை), ஹர்தீன் (தோட்டம்) என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள். ஸ்பெயினின் வலென்சியா நகரத்தில் எங்கள் வருமானத்துக்கு வாடகைக்குக் கிடைத்த வீடுகளில் தோட்டமும் இல்லை, மேல்மாடியும் இல்லை. அடுக்குமாடிக் கட்டடத்தில் நீளமாக ஒரு பசீயோ, அதாவது நடைவழி, அதன் இரண்டு பக்கமும் அறைகள், அவ்வளவுதான். வேலை மாறி இந்த ஊருக்கு வந்த புதிதில் தற்காலிக அறையில் உட்கார்ந்து வாடகை விளம்பரங்களை அகராதி வைத்துப் படித்ததுதான் எனக்கு உருப்படியான முதல் வகுப்பு.

விளம்பரக்காரர்களுக்கென்று தனி பாஷை உண்டு. லுமினோசோ என்றால் வெளிச்சமான வீடு. எந்தப் புரோக்கரும் விட்டுவிடாத சொல் இது. அதுவே இல்லையென்றால் பகலிலும் விளக்குப் போட வேண்டிய வீடு என்று நானாகவே முடிவு கட்டிக்கொள்வேன். கொசீனா அமெரிகானா என்பது ஹாலோடு சேர்ந்த திறந்த சமையலறை. தினமும் கடுகு தாளிக்கிற குடும்பத்துக்கு அது சரிப்படாது, அந்தச் சொல்லைக் கண்டதும் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவோம். பான்யோ முழுக் குளியலறை. அசேயோ சின்னது. சிலவற்றில் ஷவர் இருக்கும், சிலவற்றில் கழிப்பறையும் கை கழுவும் தொட்டியும் மட்டும்தான். 'ஒரு பான்யோ, ஒரு அசேயோ' என்று போட்டிருந்தால் இரண்டு குளியலறை என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது. பரப்பளவிலும் இரண்டு கணக்கு: மெத்ரோஸ் கொன்ஸ்த்ருய்தோஸ், மெத்ரோஸ் ஊதிலெஸ். சென்னையில் ஃபிளாட் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், நம் பில்ட்-அப் ஏரியா, கார்பெட் ஏரியா சமாசாரம்தான். அர்மாரியோ எம்போத்ராதோ என்பது சுவரில் பதித்த அலமாரி. த்ராஸ்தேரோ என்பது தட்டுமுட்டுச் சாமான் போடும் அறை, அநேகமாக வீட்டுக்குள் இருக்காது, அடித்தளத்திலோ மொட்டைமாடியிலோ இருக்கும்.

வீடு பார்க்கக் கிளம்பிய பிறகுதான் புத்தகச் சொல்லும் ஊர்ச் சொல்லும் வேறு வேறு என்பது உறைத்தது. "பாத்தியோவில் நிற்கிறேன், வாருங்கள்" என்று புரோக்கர் போனில் சொன்னார். பாத்தியோ என்றால் முற்றம் என்றுதான் படித்திருந்தேன். வலென்சியாவில் கட்டடத்தின் நுழைவாயிலையே, தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கிற அந்த வாசல் கூடத்தையே, பாத்தியோ என்கிறார்கள். மற்ற ஊர்களில் அது போர்த்தால். அப்படியானால் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் கட்டடத்தின் நடுவில் விட்டிருக்கும் கிணறு போன்ற இடத்துக்கு என்ன பெயர்? தெஸ்லுனாதோ. மாட்ரிட் ஆட்களிடம் சொன்னால் விழிப்பார்கள், அவர்களுக்கு அது பாத்தியோ தெ லூசெஸ். கட்டடத்துக்கு ஃபின்கா என்று பெயர், வேறு இடங்களில் அது பண்ணை நிலத்தையும் குறிக்கும். ஹாலைப் பலரும் கொமெதோர் என்கிறார்கள். புத்தகத்தில் அது சாப்பாட்டு அறை, இங்கே அதில்தான் சோபாவும் டிவியும் இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது கலெரியா. சமையலறையை ஒட்டி தெஸ்லுனாதோ பக்கமாக இருக்கும் குறுகலான சர்வீஸ் பால்கனி அது. ஓவியக் கண்காட்சிக் கூடத்துக்கும் இதே சொல்தான், ஆனால் எங்கள் கலெரியாவில் இருப்பது வாஷிங் மெஷின், பாய்லர், மாப்புக் குச்சி. சன்னலுக்கு வெளியே கப்பியில் ஓடும் கொடிக்கயிறு. ஒரு கையால் கயிற்றை இழுத்து இன்னொரு கையால் துணியைக் கிளிப் போட வேண்டும். கீழே விழுந்தால் பாஹோ, அதாவது தரைத்தள வீட்டுக்காரரிடம் போய்க் கேட்க வேண்டும். காலையில் எந்த வீட்டில் பூண்டு வதங்குகிறது, யார் குழந்தையைத் திட்டுகிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கிணறு வழியே வந்துவிடும். கேட்கும் பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

இலக்கணத்தில் தமிழர்களுக்கு ஒரு சுலபமும் ஒரு கஷ்டமும் இருக்கின்றன. அறை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று சொல்ல 'தா ஆ' என்ற தொடர் வேண்டும். லா அபிதாசியோன் தா ஆ லா காயே, தெருவைப் பார்த்த அறை. 'கொடுக்கிறது' என்ற வினைச்சொல்லை இங்கே ஏன் கொண்டுவந்தார்கள் என்று வகுப்பில் சிலர் குழம்பினார்கள். கிழக்குப் பார்த்த வீடு, தெருவைப் பார்த்த சன்னல் என்று பேசியே வளர்ந்தவர்களுக்கு அதில் தயக்கம் வராது. வீடு பார்க்கப் போன இடத்திலெல்லாம் நான் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "ஆ தோந்தே தா?"

கஷ்டம் நம் 'இருக்கிறது'. மேசை ஒன்று இருக்கிறது, மேசை சன்னலோரம் இருக்கிறது, சமையலறை பெரிதாக இருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே சொல் போதும். ஸ்பானிஷில் மூன்றும் வேறு. ஐ ஊனா மேசா. லா மேசா எஸ்தா ஹூந்தோ ஆ லா வெந்தானா. லா கொசீனா எஸ் கிராந்தே. ஒன்று இருக்கிறது என்று முதன்முதலாகச் சொல்வதற்கு ஐ, தெரிந்த பொருள் எங்கே அல்லது எந்த நிலையில் என்பதற்கு எஸ்தா, அதன் இயல்புக்கு எஸ். சமையலறை எஸ் பெரிது, ஆனால் எஸ்தா அழுக்கு. இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட, நடைவழியில் நடந்துகொண்டே வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது மேல். வாசலிலிருந்து தொடங்கி, வலதுபக்கம் என்ன, கடைசியில் என்ன, அது எப்படி என்று சொல்லிக்கொண்டே போவேன். வீட்டில் இருப்பவர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் கண்டுகொள்வதில்லை.

பொருள்களின் மேல் சீட்டு ஒட்டுகிற முறையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. சில நாளில் கண்ணுக்குச் சீட்டே தெரியாமல் போய்விடும். ஒட்டுவதானால் முழு வாக்கியமாக ஒட்டலாம், பால் விகுதியும் கூடவே வந்துவிடும்: லா பரேத் எஸ்தா சூசியா (சுவர் அழுக்காக இருக்கிறது), எல் சுவேலோ எஸ்தா லிம்பியோ (தரை சுத்தமாக இருக்கிறது). இன்னொன்று, உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்தால் ப எழுத்தில் கவனம் தேவை. எடை, முத்தம் என்ற இரண்டும் என் நோட்டில் பேசோ என்றே இருந்தன. எதை எங்கே சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்வது நல்லது.

ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது கூடவே இன்வென்தாரியோ ஒன்றையும் கொடுத்தார்கள். அறைவாரியாக என்னென்ன பொருள், என்ன நிலையில் என்ற பட்டியல். ஸ்பெயினில் 1994-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி ஃபியான்சா, அதாவது முன்பணம், குடியிருப்பு வீட்டுக்கு ஒரு மாத வாடகை. வீட்டைக் காலி செய்யும்போது அதைத் திரும்பப் பெறுவதற்கு இந்தப் பட்டியல் முக்கியம். அதனால் பொறுமையாக உட்கார்ந்து படித்தேன், விட்டுப்போனதை எழுதியும் சேர்த்தேன். கீறல் விழுந்த கதவு, ஓரம் உடைந்த அசுலேஹோ, அதாவது சுவர் ஓடு, கறை பிடித்த லவாபோ. பாத்திரம் கழுவுவது ஃப்ரெகதேரோ, கை கழுவுவது லவாபோ என்ற வித்தியாசமும், ரோத்தோ (உடைந்த), ராயாதோ (கீறல் விழுந்த), மஞ்சாதோ (கறை பிடித்த) போன்ற பெயரடைகளும் அந்த ஒரே மதியத்தில் படிந்துவிட்டன. பணம் சம்பந்தப்பட்டால் ஞாபகசக்தி கூடிவிடுகிறது போலும்.

முதல் கோடையில் படுக்கையறை பெர்சியானாவின் நாடா அறுந்தது. பெர்சியானா என்பது சன்னலுக்கு வெளியே சுருண்டு இறங்கும் பலகைத் திரை. இந்த ஊர் வெயிலுக்கு அது இல்லாமல் தூங்க முடியாது. பழுது பார்ப்பவருக்குப் போன் செய்து, லா சின்தா தெ லா பெர்சியானா எஸ்தா ரோத்தா என்றேன். எந்தப் பெர்சியானா என்றார். தெஸ்லுனாதோவைப் பார்த்த படுக்கையறையில் இருப்பது, நடைவழியின் கடைசியில் இடதுபக்கம் என்றேன். "வாலே", அதாவது சரி, என்று சொல்லி நேரம் குறித்தார். ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை.

செயலியில் படிப்பவர்களுக்கு ஒன்று: பல செயலிகள் லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷைத்தான் சொல்லித்தருகின்றன. மெக்சிகோவில் படுக்கையறை ரெகாமரா. ஃபிரிட்ஜ் ஸ்பெயினில் நெவேரா, அர்ஜென்டினாவில் எலாதேரா. சொன்னால் இங்கேயும் புரிந்துகொள்வார்கள், ஆனால் விளம்பரத்தில் தேடினால் கிடைக்காது. ஸ்பானியக் குடியுரிமைக்கான தெலே (DELE) ஏ2 என்ற மொழித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்தப் பாடத்தைத் தள்ளிப்போட வேண்டாம். பேச்சுத் தேர்வில் ஒரு புகைப்படத்தை விவரிக்கச் சொல்வார்கள். சொந்த வீட்டு அறைகளைப் போனில் படம் பிடித்துவைத்து, பார்த்துப் பார்த்துப் பேசிப் பழகினால் போதும். எனக்கு அறைகள் முடிந்து இப்போது குழாய்கள் நடக்கின்றன. சிஃபோன் (தொட்டிக்கு அடியில் வளைந்த குழாய்), சிஸ்தேர்னா (கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டி), யாவே தெ பாசோ (தண்ணீரை நிறுத்தும் வால்வு). பிளம்பர் வியாழக்கிழமை வருகிறார்.