டேபிள் பண்ணலாமா?

‘லெட்ஸ் டேபிள் திஸ்’ என்று அமெரிக்கர் ஒருவர் மீட்டிங்கில் சொன்னால், இப்போதைக்கு இதைத் தள்ளிவைப்போம் என்று பொருள். அதையே லண்டன்காரர் சொன்னால், இதை எடுத்துப் பேசுவோம் என்று பொருள். மென்பொருள் வேலையில் இரண்டு நாட்டுக்காரர்களோடும் பேசுகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை.

நமக்கு பிரிட்டிஷ் பொருள்தான் முதலில் மனதில் வரும். நாடாளுமன்றத்தில் மசோதாவை ‘டேபிள்’ செய்தார்கள் என்று ஆங்கிலப் பேப்பரில் படித்தால், தாக்கல் செய்தார்கள் என்றுதானே எடுத்துக்கொள்கிறோம்!

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், போன் கால் முடிகிற நேரத்தில் அமெரிக்க மேலாளர் டேட்டாபேஸ் மாற்றும் விஷயத்தை டேபிள் செய்யலாம் என்றார். எங்கள் டீமில் இருந்த இளைஞன் ஒருவன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து செலவுக் கணக்கு, சிக்கல் வந்தால் பழைய நிலைக்கே திரும்புகிற ரோல்பேக் திட்டம் எல்லாம் தயார் செய்தான். மறுநாள் அந்த ஃபைலை யாரும் திறக்கவே இல்லை. “அதைத்தான் தள்ளிவைத்துவிட்டோமே” என்றார் மேலாளர். அப்புறம் இங்கே ஒருவர் அவனிடம், “இங்கிலீஷ் புரியலையா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்கு இன்றும் ஆறவில்லை. அவனுக்கு இங்கிலீஷ் நன்றாகவே புரியும். அவன் படித்து வந்தது பிரிட்டிஷ் வழக்கு, அவ்வளவுதான்.

இதில் பெரிய பெரிய ஆட்களே தடுமாறியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் ஓர் அறிக்கையை அவசரமாக விவாதிக்க நினைத்து, அதை ‘டேபிள்’ செய்ய வேண்டும் என்றார்கள். அமெரிக்க அதிகாரிகளோ அதை டிராயரில் போட்டு மறந்துவிடச் சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். நெடுநேரம் காரசாரமாக வாதாடிய பிறகுதான் இரு தரப்பும் கேட்பது ஒன்றையே என்று புரிந்ததாம். சர்ச்சில் தன் போர் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார்.

அமெரிக்க வழக்குக்கும் காரணம் உண்டு. அங்கே கூட்டம் நடத்துகிறவர்கள் பின்பற்றும் கையேடு, 1876-இல் வெளிவந்த ராபர்ட்டின் கூட்ட விதிகள். அதில் ஒரு தீர்மானத்தை மேசைமேல் வைப்பது என்றால் அதைத் தற்காலிகமாக ஒதுக்கிவைப்பது. வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் இது இன்னும் கடுமை. அங்கே ஒரு தீர்மானத்தை ‘டேபிள்’ செய்ய ஓட்டு விழுந்தால் அதன் கதை முடிந்தது.

மீட்டிங் குறிப்பு எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லை அப்படியே எழுதிவைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பேச்சு தள்ளிப்போனதா, அடுத்த கூட்டத்தில் வருகிறதா, யார் தயார் செய்ய வேண்டும் என்று தேதியோடு எழுத வேண்டும். போன் கால் முடிவதற்குள் கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. இப்போது என் டீமில் இருக்கும் ஒரு பெண், “இன்றைக்கே பேசுகிறோமா, பிறகா?” என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுவாள். வாடிக்கையாளர்கள் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. நேராகப் பதில் சொல்லிவிடுகிறார்கள்.