வண்டியை எங்கே கொண்டுபோய் விடுவீர்கள்?

இரவு ஒன்பதே முக்கால் இருக்கும். நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு பேட்டரி விளக்கு எரிந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஏசி காற்று குறைந்தது. முகப்பு விளக்கின் வெளிச்சம் மஞ்சளடித்து மங்கியது. ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. எப்படியோ இழுத்துச் சாலையோரம் ஒதுக்கினேன், அதோடு இன்ஜின் அணைந்துவிட்டது.

பக்கத்தில் அப்பா. எழுபத்தாறு வயது, முழங்கால் அறுவை முடிந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. "நான் உள்ளேயே உக்காந்துக்கறேம்மா" என்றார். அவர் சொல்வது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் வேகமாக வண்டிகள் போகும் சாலையில், நின்றுபோன காருக்குள் உட்கார்ந்திருப்பதைப் போல ஆபத்து வேறில்லை. பின்னால் வருபவர் ஒரு நொடி கவனிக்கத் தவறினால் போதும். அவரைக் கைத்தாங்கலாக இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் பெட்டியைப் போட்டு, அதன் மேல் உட்காரவைத்தேன். முக்கோணப் பலகையைத் தள்ளி வைத்துவிட்டு வந்து போன் செய்தேன்.

என்னிடம் பிரேக்டவுன் கவர் இருந்தது. கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும்போது கூடவே டிக் செய்த ஒன்று. எங்கே நின்றாலும் உதவி என்று போட்டிருந்தது, நானும் அதை நம்பியிருந்தேன்.

"பேட்டரி விளக்கு எரிஞ்சுது, அப்புறம் வண்டி நின்னுடுச்சு" என்றேன். மறுமுனையில் இருந்தவர் அதைப் பேட்டரி கோளாறு என்று பதிந்துகொண்டார். நாற்பத்தைந்து நிமிடத்தில் ஆள் வருவார் என்றார். ஒரு மணி ஐம்பது நிமிடம் கழித்து ஒரு பையன் பைக்கில் வந்தான். முதுகில் ஒரு பை, அதில் ஜம்ப் ஸ்டார்ட் கருவி, ஒரு மல்டிமீட்டர், சில ஸ்பேனர்கள்.

நல்ல பையன். வந்ததும் முதலில் அப்பாவிடம் போய், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். அப்புறம் பானெட்டைத் தூக்கினான். நான் போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டேன். கருவியை மாட்டியதும் இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது, எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. கருவியைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னான். 11.9 வோல்ட் என்று காட்டியது. இன்ஜினைக் கொஞ்சம் ரேஸ் செய்யச் சொன்னான். அப்போதும் 11.9. மெதுவாக 11.8 ஆனது.

"அக்கா, பேட்டரி மேல தப்பு இல்ல. வண்டி ஓடும்போது இது பதிமூணரை, பதினாலு காட்டணும். ஆல்டர்னேட்டர் சார்ஜே பண்ணல. இப்படியே எடுத்துட்டுப் போனா கொஞ்ச தூரத்துல திரும்ப நின்னுடும். டோ வண்டிதான் வரணும், என்கிட்ட அது கிடையாது."

அப்புறம்தான் எனக்கு விஷயம் புரிந்தது. ஓடும்போது எரியும் பேட்டரி விளக்கு பெரும்பாலும் சார்ஜிங் பக்கத்துக் கோளாறைத்தான் சொல்கிறது. இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்கு ஏற்றும் ஆல்டர்னேட்டர், அல்லது அதை ஓட்டும் பெல்ட். நல்ல நிலையில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 அளவில் காட்டும். இன்ஜின் ஓடும்போது அதைவிட மேலே போனால்தான் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். "வண்டி ஓடிட்டிருந்தப்போதான் விளக்கு எரிஞ்சுதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், முதலிலேயே டோ வண்டியை அனுப்பியிருக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் போனை எடுக்கவில்லை.

டோ வண்டி வரும்போது மணி பன்னிரண்டரை. டிரைவர் பக்கத்தில் ஒருவர் உட்காரும் இடம்தான் இருந்தது, அதில் நானும் அப்பாவும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் காலை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் தவித்ததைப் பார்த்துக்கொண்டே வந்தேன். முக்கால் மணி நேரத்தில் ஒரு ஒர்க்ஷாப் வாசலில் காரை இறக்கினார் டிரைவர். ஷட்டர் மூடியிருந்தது. வெளியே விளக்குகூட இல்லை.

"இங்கயா?" என்றேன்.

அவர் தன் போனில் இருந்த வேலைச்சீட்டைக் காட்டினார். அருகிலுள்ள பணிமனை வரை, என்று இருந்தது. அவர் மேல் குற்றமில்லை, அடுத்த அழைப்பு அவருக்குக் காத்திருந்தது. அவர் போய்விட்டார். அப்பா மறுபடி அதே பெட்டியின் மேல் உட்கார்ந்தார், இந்த முறை ஒரு மூடிய ஷட்டரின் முன்னால். வாடகை வண்டி கிடைக்க இன்னும் ஐம்பது நிமிடம் ஆனது.

அடுத்த நாள் விதிமுறைகளை எடுத்துப் படித்தேன். எல்லாம் அதில் சொல்லியிருந்தபடியே நடந்திருந்தது. ஒரு வரிகூட மீறப்படவில்லை, அதுதான் என்னை அதிகம் உலுக்கியது. காரை மீட்பதாகத்தான் அவர்கள் எழுதிக்கொடுத்திருந்தார்கள். காரில் வந்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இன்னொன்று, பைக்கில் வந்த பையன் ஒரு அழைப்பு, டோ வண்டி இன்னொரு அழைப்பு. ஒரே கோளாறுக்கு, ஆண்டுக்கு நான்கு என்ற கணக்கில் இரண்டு கழிந்துவிட்டன.

அதிலிருந்து மூன்று வாரம், ஒரு நோட்டுப்புத்தகத்தை வைத்துக்கொண்டு நான்கு நிறுவனங்களை விசாரித்தேன். விளம்பரத்தில் எல்லோரும் ஒன்றுபோலத்தான் தெரிகிறார்கள். பஞ்சர், பேட்டரி, எரிபொருள் தீர்ந்தால் கொண்டுவந்து தருவது, சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் திறந்து தருவது. இந்தப் பட்டியலை ஒப்பிட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. நான் நான்கு பேரிடமும் முதலில் கேட்டது ஒன்றுதான். இரவு ஒரு மணிக்கு, நின்ற இடத்தில் சரிசெய்ய முடியாத கோளாறு என்றால், என் காரை எங்கே கொண்டுபோய் விடுவீர்கள், என்னை எங்கே விடுவீர்கள்?

இரண்டு பேர், அருகிலுள்ள பணிமனை என்றார்கள். அது திறந்திருக்குமா என்பது அவர்கள் பொறுப்பில்லையாம். மூன்றாமவர், நீங்கள் சொல்லும் இடத்துக்கு என்றார். கேட்கவே நன்றாக இருந்தது. எத்தனை கிலோமீட்டர் வரை என்று கேட்டதும், இலவச தூரம் சின்னதாக வந்தது, அதற்கு மேல் கிலோமீட்டர் கணக்கில் கட்டணம். நான்காவது நிறுவனத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

விசாரிக்க விசாரிக்க, இந்த உதவி எப்படித் தொடங்கியது என்றும் தேடிப் படித்தேன். பிரிட்டனில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் 1905இல் தொடங்கியபோது அது ஓட்டுநர்களே சேர்ந்து வைத்த சங்கம். வேகத்தைப் பிடிக்கப் போலீசார் எங்கே மறைந்திருக்கிறார்கள் என்று உறுப்பினர்களை எச்சரிப்பதுதான் அவர்களுடைய முதல் வேலை. பழுது பார்ப்பதெல்லாம் பின்னால் வந்தது. ஜெர்மனியின் ஏடிஏசி 1903இல் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் சங்கமாகப் பிறந்தது. 1954இல் மஞ்சள் வண்டிகளோடு சாலை ரோந்து தொடங்கியது. அங்கே அவர்களை மஞ்சள் தேவதைகள் என்றே மக்கள் அழைக்கிறார்கள். இவர்கள் சம்பளம் கொடுத்துப் பயிற்சி தந்து வைத்திருக்கும் சொந்த மெக்கானிக்குகள். பல நிறுவனங்களிடம் இருப்பதோ ஒரு கால்சென்டர், ஒரு ஆப், அப்புறம் ஊருக்கு ஊர் ஒப்பந்தம் போட்ட டோ வண்டிக்காரர்கள். ஒப்பந்தக்காரர் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை, அந்தப் பைக் பையனும் ஒப்பந்தக்காரன்தான். ஆனால் வருபவர் யார், அவரிடம் என்ன கருவி இருக்கும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சந்தா கட்டக்கூடாது.

அதே ஏடிஏசி ஆண்டுதோறும் தாங்கள் போய்ப் பார்த்த பழுதுகளின் கணக்கை வெளியிடுகிறது. சமீப ஆண்டுகளில் பத்தில் நான்குக்கும் மேல் பேட்டரி கோளாறுதான். மின்சார காரிலும் முதல் காரணம் அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரியே. இதைப் படித்ததும் நான் நோட்டைத் திருப்பி ஒரு கேள்வியை மேலே எழுதினேன். ஏனென்றால் பேட்டரி எங்கே சாகிறது? பெரும்பாலும் கார் ராத்திரி முழுக்க நின்ற இடத்தில். அதாவது வீட்டு வாசலில். சில திட்டங்களில் வீட்டிலிருந்து இத்தனை தூரத்துக்குள் நின்றால் வரமாட்டோம் என்று ஒரு வரி இருக்கிறது. அதிகம் நடக்கக்கூடிய ஒன்றை வெளியே தள்ளிவிட்டு மிச்சத்துக்குக் காசு வாங்குவது அது. நான் கேட்ட நான்கில் ஒன்றில் அந்த வரி இருந்தது, அங்கேயே அதை அடித்துவிட்டேன்.

டயர் விஷயத்திலும் இப்படி ஒன்று உண்டு. நாம் ஸ்டெப்னி என்கிறோமே, அது வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் ஒரு தெருவின் பெயர். முதல் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. 1904இல் அந்த ஊரில் டேவிஸ் சகோதரர்கள், பஞ்சரான சக்கரத்தின் மேலேயே பூட்டிக்கொள்ளும் ஒரு மாற்று டயரைச் செய்தார்கள். கடை இருந்த தெருவின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டு, நம் வாயில் இன்னும் நிற்கிறது. ஆனால் பொருள்தான் காரிலிருந்து காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. என் காரில் ஸ்டெப்னி இல்லை. ஒரு பாட்டில் பசையும் காற்றடிக்கும் சின்ன மோட்டாரும் மட்டும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தப் பசை உதவாது. "டயர் மாற்றித் தருவோம்" என்ற வாக்குறுதியில், உங்களிடம் ஸ்டெப்னி இருந்தால் என்பது அடங்கியிருக்கிறது. இல்லாதவர்களுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். டோ செய்வோம் என்றார்கள். சரி, எங்கே? மறுபடி அதே கேள்வியில்தான் வந்து நின்றது.

டோ வண்டியின் வகையையும் கேட்டுவிடுங்கள். என் கார் ஆட்டோமேட்டிக். பொதுவாக இந்த வகை கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுற்றவிடும் பம்பை இன்ஜின்தான் ஓட்டுகிறது. இன்ஜின் அணைந்த நிலையில் ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருள, கட்டி இழுத்தால் உள்ளே எண்ணெய் போகாமல் தேய்ந்து பாழாகும். நான்கு சக்கரமும் ஓட்டும் வண்டிகளுக்கும் மின்சார வண்டிகளுக்கும் வேறு காரணங்களால் இதே பிரச்சினை. நான்கு சக்கரத்தையும் மேலே ஏற்றிக்கொள்ளும் பிளாட்பெட் வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டுமா, அவர்களே வண்டியைப் பார்த்து அனுப்புவார்களா என்பது முக்கியம்.

கவர் காருக்கா ஆளுக்கா என்பதில் நான் ஆளுக்கு என்றே முடிவெடுத்தேன். அப்பாவின் பழைய காரையும் நான்தான் ஓட்டுகிறேன். சேர்ந்து முதல் சில நாட்களுக்குக் கிடையாது என்ற காத்திருப்பு, சேரும்போதே இருந்த கோளாறு செல்லாது என்பது, விபத்து என்றால் இன்சூரன்ஸ் பக்கம் போகவேண்டும் என்பது, இவையெல்லாம் ஏறக்குறைய எல்லோரிடமும் உண்டு. ஒருமுறை படித்தால் போதும்.

கடைசியாக ஒரு சோதனை செய்தேன். இரவு பதினொன்றரைக்கு நான்கு நிறுவனங்களின் உதவி எண்ணையும் கூப்பிட்டேன். ஒன்றில் பதினோரு நிமிடம் இசை மட்டும் ஓடியது, வைத்துவிட்டேன். ஒன்றில் உறுப்பினர் எண் இல்லாமல் யாருடனும் பேசவே முடியவில்லை. மூன்றாவதில் தூக்கக் கலக்கத்தில் ஒருவர் எடுத்து, காலையில் கூப்பிடச் சொன்னார்.

நான்காவதில் ஒரு பெண்மணி இரண்டாவது மணியிலேயே எடுத்தார். நான் இன்னும் சேரவில்லை, சேரலாமா என்று யோசிக்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். என் கேள்வியைக் கேட்டேன். "நெடுஞ்சாலையில, இந்த நேரத்துல, ரெண்டு மணி நேரம்கூட ஆகலாம் மேடம். முப்பது நிமிஷம்னு சொன்னா அது பொய். வர்ற டிரைவரோட பேரும் நம்பரும் உங்களுக்கு வந்துடும். ஒர்க்ஷாப் மூடியிருந்தா வண்டிய எங்க யார்டுல வெச்சுட்டு காலைல கொண்டுபோய் விடுவோம். உங்களை வீட்டுக்கோ தங்கற இடத்துக்கோ அனுப்ப டாக்ஸி உண்டு, அது திட்டத்துலயே இருக்கு" என்றார். எந்தப் பிரிவு என்று கேட்டேன். எண்ணைச் சொன்னார். மறுநாள் விதிமுறைகளில் பார்த்தேன், அப்படியே இருந்தது. மற்ற மூன்றையும்விடச் சந்தா கொஞ்சம் கூடுதல். அன்றே சேர்ந்துவிட்டேன்.

அந்த எண்ணை அப்பாவின் போனிலும் பதிந்து கொடுத்தேன். என்ன பெயர் போடட்டும் என்று கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்து, "வண்டி நின்னா-ன்னு போடும்மா, அதான் எனக்கு ஞாபகம் இருக்கும்" என்றார். அப்படியே போட்டிருக்கிறேன்.