கை படாத ஒயின்: ஆல்சாஸில் ஒரு வாரக் கடைசி

பிரான்ஸின் கிழக்கில், ஆல்சாஸ் பகுதியின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் நண்பர் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு. யூதக் குடும்பம். பொழுது சாயும் முன்பே மெழுகுவத்தி ஏற்றிவிட்டார்கள். மேசையில் பின்னல் போட்ட ரொட்டி (அந்தப் பக்கம் அதைப் பெர்ஷெஸ் என்கிறார்கள்), பார்ஸ்லி போட்டு வேகவைத்து ஆறவிட்ட கெண்டை மீன். பக்கத்தில் ஒல்லியான நெடும் புட்டியில் கெவுர்ஸ்ட்ராமினர், ஆல்சாஸின் பேர்போன வெள்ளை ஒயின். நண்பரின் அப்பா கோப்பையை ஏந்தி ஆசி மொழிகளைச் சொல்லி முடித்தார். அடுத்த சுற்றை நான் ஊற்றலாமே என்று புட்டியை நோக்கிக் கை நீட்டினேன். அதற்குள் நண்பரின் அம்மா அதை எடுத்துக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க, இதை மட்டும் நாங்கதான் ஊத்தணும்."

தப்பாக நினைக்கவில்லை. ஆனால் ஏன் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றிருந்தது. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள், அவர்கள் வண்டி ஓட்ட மாட்டார்கள். ஞாயிறு காலை நண்பர் காரை எடுத்தார்.

அக்டோபர் கடைசி. வலப்பக்கம் வோஜ் மலைத்தொடர், அதன் சரிவெல்லாம் மஞ்சளாகிவிட்ட திராட்சைக் கொடிகள். மேற்கிலிருந்து வரும் மழையை மலை வாங்கிக்கொள்வதால் இந்தப் பக்கம் வெயிலுக்குக் குறைவில்லை. பிரான்ஸிலேயே மழை குறைந்த நகரங்களில் கொல்மார் ஒன்று. அந்த உலர்ந்த நீண்ட இலையுதிர்காலத்தில்தான் பழம் நிதானமாக இனிப்பேறுகிறது. மார்லென்ஹைமிலிருந்து தான் (Thann) என்ற ஊர் வரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர் ஒயின் சாலை, 1953இல் அமைத்தது.

வழியில் ரோஷைமில் இறங்கினோம். நண்பருக்கு அது வெறும் அழகான ஊர் இல்லை. 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பூர் யூதர்களைக் கொள்ளைநோய்க்குக் காரணம் என்று பழி சுமத்தி எரித்தார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியிலிருந்து பல நூற்றாண்டுகள் யூதர்கள் பகலில் நகருக்குள் வந்து வியாபாரம் செய்யலாம், இரவு தங்கக் கூடாது. மாலையில் தேவாலயத்திலிருந்து ஒரு கொம்பு ஊதுவார்கள்; கேட்டதும் வெளியேற வேண்டும். பிரெஞ்சுப் புரட்சி வந்து, 1791இல் குடியுரிமை கிடைத்த பிறகுதான் நிலைமை மாறியது. அதுவரை சிற்றூர்கள்தான் அடைக்கலம். மாடு, குதிரை, தானியம், ஒயின் என்று தரகு செய்து பிழைத்தார்கள். அந்தச் சிற்றூர் யூதர்களுக்காகப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் வரை போய் வாதாடிய யோசெல், 1554இல் இறந்தவர், இந்த ரோஷைம்காரர். கல் வீடுகளுக்கு நடுவே நிற்கும்போது நண்பர் அதிகம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மதியம் கொல்மாருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். உரிமையாளர் கத்தோலிக்கர், தலைமுறை தலைமுறையாகத் திராட்சைக்காரர்கள். விளைச்சலில் ஒரு பகுதியைக் கோஷர் ஒயினாக, அதாவது யூத உணவு விதிகளுக்கு உட்பட்ட ஒயினாகச் செய்கிறார். கொடியை வெட்டிவிடுவது, கட்டுவது, பழம் பறிப்பது எல்லாம் அவரும் அவர் ஆட்களும்தான். பழமாக இருக்கும்வரை யார் வேண்டுமானாலும் தொடலாம். நசுக்கிச் சாறு எடுக்கத் தொடங்கும் கணத்திலிருந்து, ஓய்வுநாளை முறையாகக் கடைப்பிடிக்கும் யூதர் மட்டுமே தொட வேண்டும். பழங்காலத்தில் ஒயினைப் பிற தெய்வங்களுக்குப் படைத்து ஊற்றுவது வழக்கம். அப்படிப் படைத்தது தங்கள் மேசைக்கு வந்துவிடக் கூடாது என்ற கவனத்தில் பிறந்த விதி இது.

நிலவறையில் அதை நேரில் பார்த்தேன். எஃகுத் தொட்டிகளின் மூடியிலும் குழாய்த் திருகிலும் முத்திரை. உள்ளே சாறு புளித்துப் பொங்கும் சத்தம் மெல்லக் கேட்கிறது. தோட்டக்காரர் தொட்டிக்கு ஓரடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மேற்பார்வைக்கு வந்திருந்த யூத இளைஞர் முத்திரையை நீக்கி, திருகைத் திறந்து, ஆளுக்கொரு கோப்பையில் பிடித்துக் கொடுத்தார். தோட்டக்காரர் முகர்ந்தார், ருசித்தார், "இன்னும் கொஞ்சம் குளிரவைக்கணும்" என்றார். இளைஞர் போய்க் குளிரைக் கூட்டினார். முடிவு ஒருவருடையது, கை இன்னொருவருடையது. ஒரு வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்ததைத் தன் நிலவறையிலேயே தொடாமல் நிற்க எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! கோப்பையில் மிஞ்சியதைத் தொட்டியில் திருப்பி ஊற்றுவதில்லை.

பெரிய சிக்கல் நாள்காட்டிதான் என்றார் தோட்டக்காரர். யூதப் புத்தாண்டு, பாவமன்னிப்பு நாள், கூடாரப் பண்டிகை எல்லாம் அறுவடை நேரமான செப்டம்பர், அக்டோபரில் வரிசையாக வருகின்றன. பழம் காத்திருக்காது, பண்டிகையும் தள்ளிப்போகாது. அந்த நாள்களைக் கணக்குப் பார்த்தே பறிப்பைத் திட்டமிடுகிறார். ஒயினைத் தெளியவைக்க ஜெலட்டினோ மீன் பசையோ கிடையாது. பென்டோனைட் என்ற களிமண்தான். வேறு ஒயின் இருந்த எஃகுத் தொட்டி என்றால், தண்ணீர் நிரப்பி ஒரு முழு நாள் வைத்துக் கொட்டி, அதை மூன்று முறை செய்கிறார்கள்.

அப்புறம் போன வருஷத்து ஒயினைத் திறந்தார்கள். திராட்சையின் தோல் இளஞ்சிவப்பு, ஒயினோ வெளிர் பொன் நிறம். மூக்கருகே கொண்டுபோனதும் ரோஜா, உடனே லிச்சி. கற்பனை இல்லை, அந்த இரண்டிலும் உள்ள ஒரு மணப்பொருள் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது.

கோஷரிலேயே இன்னொரு வகை உண்டு, மெவுஷால். சாற்றையோ ஒயினையோ நொடிப்பொழுது கொதிநிலையை ஒட்டிச் சூடாக்கி உடனே குளிர்விக்கிறார்கள். அப்படிச் செய்ததை யார் திறந்து ஊற்றினாலும் விதி மீறல் இல்லை. விருந்துகளில் பரிமாறுவோர் யாராகவும் இருக்கலாம் என்பதால் அதற்குத் தேவை அதிகம். இரண்டையும் அடுத்தடுத்துக் குடித்துப் பார்த்தேன். சூடாக்கியதில் ரோஜா கொஞ்சம் அடங்கியிருந்தது. என் நாக்குக்குச் சூடாக்காததுதான் மேல். ஆனாலும் வாங்கியது மெவுஷால்.

இரவு ஸ்ட்ராஸ்பூர் திரும்பி, புட்டியை நண்பரின் அம்மாவிடம் கொடுத்தேன். அதில் ஒட்டியிருந்த லேபிளைக் கண்ணருகே வைத்துப் படித்தார். நாலு கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு, புட்டியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இதை நீங்க ஊத்துங்க."