மூன்றாவது ஊசிக்கும் நாலாவது ஊசிக்கும் நடுவில்

ஜூலை 8
நேற்று மதுரையில் மூன்றாவது கீமோ. சிவப்பு மருந்து ஏறும்போது வாய்ப்புண் வராமலிருக்க ஐஸ் துண்டை வாயில் வைத்துக்கொள்ளச் சொன்னார் நர்ஸ். இரவு பஸ்ஸில் அத்தையோடு ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம் வந்து சேர்ந்தேன். இலங்கையில் எங்கள் ஊர் மன்னாரில் மாமி என்போம். இங்கே எனக்கும் அத்தை என்றே வாயில் வருகிறது. கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமை அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் சிகிச்சை இலவசம். ஆனால் அங்கே கஞ்சி வைத்துக் கொடுக்க எனக்கு ஆளில்லை.

ஜூலை 10
குமட்டல். முற்றத்தில் காயும் கருவாட்டு வாடை தாங்க முடியவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் பார்த்தால் அத்தை பாயோடு தூக்கி நாலு வீடு தள்ளிக் காயப்போட்டிருக்கிறார். அது அவருடைய பிழைப்பு.

ஜூலை 13
மருந்துக் கடையில் எல்லோரும் போனைக் காட்டிப் பணம் கட்டுகிறார்கள். எனக்கு இங்கே வங்கிக் கணக்கு இல்லை, நோட்டுதான். பாஸ்போர்ட், மருத்துவ விசா நகல், ரசீது, ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாம் ஒரே பையில். சிகிச்சைக்கு வருகிறவர்கள் இந்தப் பையை முதல் நாளே தொடங்கிவிடுங்கள்.

ஜூலை 21
ஒரு வாரமாக எழுதவில்லை. 17 அன்று ஊசி போட்டுப் பதினொன்றாம் நாள். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரம். இரவு உடம்பு கொதித்தது. 100.6. 100.4-ஐத் தாண்டினால் மாத்திரை போட்டுப் படுக்காதே, விடியும்வரை காத்திராதே, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். எதிர்வீட்டுத் தம்பி வேனை எடுத்தான். பாம்பன் பாலத்தில் கச்சான் காற்று வேனை உலுக்கியது. ராமநாதபுரத்தில் இறங்கியதுமே அத்தை, "கீமோ நடக்குற பிள்ளை, காய்ச்சல்" என்று சத்தமாகச் சொன்னார். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். இன்று வீட்டுக்கு விட்டார்கள். பழைய சோறு கூடாது; தண்ணீர் கொதித்து ஆறியது; பழமென்றால் தோல் உரிப்பது மட்டும்.

ஜூலை 26
உடம்பில் தெம்பு. தனுஷ்கோடி முனைக்குப் போனோம். அங்கே என் இலங்கை சிம்முக்கு ஊர் டவர் கிடைக்கிறது. தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். நான் வந்ததோ கொழும்பு போய், விமானத்தில் மதுரை. அம்மாவிடம் காய்ச்சல் கதையை இன்றுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அவளிட்ட போனைக் குடு" என்றார். அத்தை வாங்கிக்கொண்டு தண்ணீர் ஓரமாக நடந்து போனார். பேட்டரி தீரும்வரை திரும்பவில்லை.

நாளை ரத்தப் பரிசோதனை. எண்ணிக்கை சரியாக இருந்தால் 28 அன்று நாலாவது கீமோ.