கினிகத்தேனை இறக்கத்தில் பிடிபட்ட இரைச்சல்

மாசி மாதம் இலங்கை மலையகத்தில் எங்கள் தோட்டத்தில் நடந்த காமன் கூத்தை, மன்மதன் கதையைச் சொல்லும் கூத்தை, கைபேசியில் பதிவுசெய்திருந்தேன். அதைக் காரில் போட்டால் தப்பு என்ற பறையின் அடி தகரத்தைத் தட்டுவதுபோலக் கேட்டது. சத்தத்தைக் கூட்டினால் உடைந்தது. ஸ்பீக்கர்களில் குறையில்லை. காரின் பாட்டு செட்டுக்குள் இருக்கும் சின்ன அம்ப்ளிஃபயரால் (ஒலிபெருக்கும் கருவி) ஒரு ஸ்பீக்கருக்கு 15, 20 வாட்டுக்கு மேல் சுத்தமாகத் தர முடியாது. தனி அம்ப்ளிஃபயர் பூட்டுவதென்று முடிவெடுத்தேன்.

ஹட்டன் டவுனில் முதலில் காட்டிய பெட்டியில் 1600 வாட் என்று அச்சிட்டிருந்தது. நான் அதன் பக்கவாட்டிலிருந்த பியூஸைப் பார்த்தேன்: 30 அம்பியர். எஞ்சின் ஓடும்போது காரில் இருக்கும் 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 414 வாட். தொடர்ந்து உள்ளே போகக்கூடியதே அவ்வளவுதான். அம்ப்ளிஃபயர்களில் பழைய முறையான ஏபி வகுப்பு என்பதால் அதிலும் ஏறக்குறையப் பாதி சூடாகிப் போய்விடும். ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும், தொடர்ந்து தரக்கூடிய அளவைத் தவிர வேறெந்த வாட் கணக்கையும் நம்பாதீர்கள்.

மலைநாட்டுக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நானுஓயாப் பக்கம் பட்டப்பகலிலேயே மூடுபனி இறங்கிவிடும். ஹெட்லைட் இரண்டு, பனிவிளக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 55 வாட்; அவற்றுக்கே 16 அம்பியர். வைப்பரும் கண்ணாடிக்குக் காற்றடிக்கும் விசிறியும் வேறு. எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டரில், என் காரில் பொறித்திருப்பது 40 அம்பியர். அதனால் மின்சாரத்தை வீணாக்காத டி வகுப்பில், 4 ஓமுக்கு 50 வாட் வீதம் நான்கு சேனல் உள்ளதை எடுத்தேன். முழுச் சத்தத்தில் பாடினாலும் 18 அம்பியர் அளவில் நிற்கும். பாட்டு எப்போதும் முழுச் சத்தத்தில் இருப்பதுமில்லை.

வயர் வாங்கும்போது ஒரு துண்டு கேட்டுப் பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியம்! திருப்பிக் கொடுத்துவிட்டு முழுச் செம்பு வயரைத் தேடி வாங்கினேன். பெட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பியூஸ், எஞ்சின் அறைத் தகரத்தில் வயர் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம். இந்த இரண்டையும் விட்டுவிட்டால் வயர் உரசித் தீப்பிடிக்கலாம். மழைக்காலத்தில் கால்விரிப்பு ஈரமாகவே கிடப்பதால், சீட்டுக்கடியில் பலகை வைத்து அரை அங்குலம் உயர்த்தி அம்ப்ளிஃபயரைப் பூட்டினேன்.

முதல் ஓட்டத்திலேயே பாட்டுக்குப் பின்னால் ஒரு மெல்லிய ஊளை. வட்டவளையைத் தாண்டிக் கினிகத்தேனை இறக்கத்தில் இரண்டாம் கியரில் போகும்போது அக்சிலேட்டரில் கால் இல்லை. ஆனாலும் ஊளை உச்சத்தில் இருந்தது. கிளச்சை ஒரு கணம் மிதித்தேன், எஞ்சினோடு சேர்ந்து அதுவும் தணிந்தது. எஞ்சின் சுற்றுக்கு ஏற்ப ஏறி இறங்குகிறதென்றால் ஆல்டர்நேட்டரிலிருந்துதான் வருகிறது.

மின்வயரோடு சேர்த்துப் போட்டிருந்த ஆடியோ வயரை மறுபக்கத்துக்கு மாற்றினேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. பிறகு பாட்டை ஓடவிட்டு, அம்ப்ளிஃபயரின் எர்த் முனைக்கும் பெட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தேன். 0.6 வோல்ட். அங்கே ஏறக்குறையப் பூச்சியம் காட்டவேண்டும். எர்த்தை நான் சீட் போல்ட்டில் கொடுத்திருந்தேன். கழற்றினால் அடியில் பெயின்ட்டும் துருவும். பக்கத்தில் வேறு இடத்தில் உப்புத்தாள் போட்டு வெறும் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, வளையத்தை இறுக்கி, துருப்பிடிக்காமல் மேலே கிரீஸ் பூசினேன். 0.05 ஆனது. ஊளை அடியோடு போய்விட்டது.

அம்ப்ளிஃபயர் எவ்வளவு பெருக்கவேண்டும் என்று வைக்கும் கெயின் திருகியைக் காதால் வைக்கவில்லை. 50 வாட்டை 4 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 14.1 வோல்ட். ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, செட்டை முக்கால் சத்தத்தில் வைத்து, 1000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, அம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் வைத்த மீட்டர் ஏசி வோல்ட்டில் அந்த அளவைக் காட்டும்வரை திருகினேன். கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான தாழ்ந்த ஒலியை வெட்டிவிட்டேன்.

நேற்று மாலை மழையில் காரை ஓரமாக நிறுத்திக் கூத்துப் பதிவைப் போட்டேன். தப்பில் மெல்லிய சிம்புக்குச்சி படும் 'சளீர்' தனியாகவும், தடித்த அடிக்குச்சி விழும் கனத்த ஓசை தனியாகவும் கேட்டன. நடுவில் யாரோ ஒரு பாட்டி பேரனை அதட்டும் குரலும் பதிவாகியிருக்கிறது. இத்தனை நாளும் அது என் காதில் விழவேயில்லை.